வாய்விட்டு வாசிக்கக்கூடிய விதி

எண்பதுகளின் கடைசியில் கோலாலம்பூரை ஒட்டிய பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். கீழே டயர் கடை, மேலே நாங்கள். கீழே காற்றடிக்கும் மிஷின் ஓட ஆரம்பித்தால் என் மேசையில் இருக்கும் தேநீரில் வளையம் வளையமாக அலை ஓடும். ஆபீஸில் புரோகிராம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். முதலாளி நாற்பதைத் தாண்டிய சீனர். எல்லோரும் அவரை பாஸ் என்றே கூப்பிடுவோம். அவருக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் எந்தக் கம்பெனிக்கு என்ன தலைவலி என்று தெரியும். அந்தத் தலைவலிக்கு எங்களிடம் மருந்து இருக்கிறது என்று அங்கே சொல்லிவிட்டு வந்து, பிறகுதான் என்னிடம் மருந்தைத் தயாரிக்கச் சொல்வார்.

அப்படி அவர் கொண்டுவந்த தலைவலிகளில் ஒன்று கிள்ளானில் இருந்த ஒரு பார்சல் கம்பெனி. துறைமுகத்துக்குப் போகும் சாலையில் பெரிய கிடங்கு. வந்து இறங்கும் பார்சல்களை லோரிகளில் ஏற்றி, கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரைக்கும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். எந்தப் பார்சல் எந்த லோரிக்கு என்று சொல்ல அங்கே ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். கிள்ளானை அடுத்த மேரு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்துவிட்டு, பல வருடங்களாக அந்தக் கிடங்கின் நடுவில் நின்றுகொண்டிருந்த ஓர் அக்கா. பார்சலைத் தூக்கிக் காட்டினால் விலாசத்தை ஒரு பார்வை பார்ப்பார். "ஏழு" என்பார், "மூணு" என்பார். பார்சல் அந்த எண் லோரிக்குப் போகும்.

அந்த அக்காவுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஒரு வாரத்தில் கிடங்கே தடுமாறிப் போனது. பூச்சோங்கில் ஒரு தையல்காரம்மாவுக்குப் போக வேண்டிய மிஷின் காப்பாருக்குப் போய், அங்கிருந்து ரவாங்குக்குப் போய், ஐந்தாம் நாள் மறுபடியும் கிள்ளானுக்கே வந்து நின்றது. கம்ப்யூட்டர் வேண்டும் என்று மேனேஜர் முடிவு செய்தது அந்த வாரம்தான். பாஸ் சரியாக அந்த வாரம் அங்கே போயிருந்தார்.

வேலை இதுதான். விலாசங்களை டைப் செய்வதற்கு அங்கே பெண்கள் இருந்தார்கள். பார்சலில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே அடிப்பார்கள். அதைப் பார்த்து மிஷின் லோரி எண்ணைச் சொல்ல வேண்டும். ஒருவர் ரோடு என்பதை மலாயில் ஜாலான் என்று முழுதாக எழுதுவார், இன்னொருவர் அதையே சுருக்கி எழுதுவார், மூன்றாமவர் வெள்ளைக்காரன் காலத்து ரோடு பெயரையே எழுதுவார். ஆகையால் மிஷினுக்கு விலாசங்களின் பட்டியலைக் கொடுத்துப் பயனில்லை. விலாசத்தின் வடிவத்தைச் சொல்லித்தர வேண்டும். இப்படி ஆரம்பித்து, நடுவில் இப்படி ஒன்று வந்து, இப்படி முடிந்தால், இந்த லோரி. அதோடு மாதத்துக்கு ஒரு புதுத் தாமான், அதாவது குடியிருப்பு, முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. விதிகளைக் கம்பெனிக்காரர்களே மாற்றிக்கொள்ளலாம் என்று பாஸ் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அப்படியென்றால் விதி எழுதுவதற்கு ஒரு சின்ன மொழி வேண்டும். அதை உருவாக்குவது என் வேலை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். எங்கள் வரிசையிலேயே பல்கலைக்கழகம் போன முதல் பெண். சொல்லில் எழுதினால் ஒரு பக்கம் வருவதைக் குறிகளால் ஒரு வரியில் அடக்கிவிடுவதுதான் படிப்பு என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆகவே குறிகளாலேயே அந்த மொழியைச் செய்தேன். நட்சத்திரம் என்றால் எது வேண்டுமானாலும் வரலாம். கேள்விக்குறி என்றால் முன்னால் இருப்பது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. சதுர அடைப்புக்குள் போட்டால் அவற்றில் ஏதாவது ஒன்று. சாய்கோடு போட்டால் விதி முடிந்தது. மூன்று வாரத்தில் முடித்து, பத்து விதிகளை அச்சடித்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. பாஸ் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் புரியல. ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன்.

அக்கா ஆபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தார். நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கிடங்கின் நடுவில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லித் தாளை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இது என்னா தங்கச்சி, கோழி கிண்டிவிட்ட மாதிரி இருக்கு."

"இது விதிக்கா. விலாசம் எந்த ஊருன்னு மிஷின் இதை வச்சுத்தான் கண்டுபிடிக்கும்."

"அப்படியா. எங்க, வாசிச்சுக் காட்டு."

நான் வாசிக்க ஆரம்பித்தேன். நட்சத்திரம், அடைப்பு, கேள்விக்குறி, அடைப்பு முடிவு, மறுபடியும் அடைப்பு, பூஜ்யம் கோடு ஒன்பது, கூட்டல் குறி, இடப்பக்கம் சாய்ந்த கோடு, வலப்பக்கம் சாய்ந்த கோடு, இப்படியே கடைசி வரைக்கும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"முடிச்சிட்டியா?"

"முடிஞ்சிருச்சுக்கா."

"சரி. இப்ப இது எந்த ஊரு?"

என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை. நானே எழுதிய வரி. விரலை வைத்து ஒவ்வொரு குறியாக மனதுக்குள் பிரித்துப் பார்த்த பிறகுதான், "பெட்டாலிங் ஜெயா, பி.ஜே." என்றேன்.

"இந்தக் கோடு ஏன் இந்தப் பக்கம் ஒண்ணும் அந்தப் பக்கம் ஒண்ணுமா சாஞ்சிருக்கு?"

அதுதான் என்னை வாட்டிக்கொண்டிருந்த இடம். என் மொழியில் சாய்கோடு என்றால் விதி முடிந்தது என்று அர்த்தம். ஆனால் பெட்டாலிங் ஜெயாவில் ரோடுகளுக்குப் பெயர் வைக்காமல் எண் வைத்திருந்தார்கள். ஜாலான் பதினேழு சாய்கோடு இருபத்தொன்று. ஏறக்குறைய ஒவ்வொரு ரோட்டிலும் ஒரு சாய்கோடு. ஆகையால், இது முடிவு இல்லை, வெறும் சாய்கோடுதான் என்று மிஷினுக்குச் சொல்ல அதன் முன்னால் இன்னொரு கோட்டை எதிர்ப்பக்கமாகச் சாய்த்துப் போட்டிருந்தேன். இதை அவருக்கு விளக்கினேன்.

"அப்ப பி.ஜே. ஆளுங்க ரோட்டுல இருக்கற கோட்டையே நீயும் எடுத்துக்கிட்ட. எடுத்துட்டு அப்புறம் இது அது இல்லேன்னு சொல்ற."

அவர் கேலி செய்யவில்லை. நடந்ததைச் சொன்னார்.

அன்றைக்கு ஆபீஸுக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றேன். மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும். அவர் பக்கத்தில் நின்று, பார்சல்கள் வருவதையும் அவர் எண் சொல்வதையும் பார்த்தேன். ஒரு பார்சலுக்கு மூச்சு விடும் நேரம்தான். விலாசத்தின் முதல் வரியை அவர் பார்ப்பதேயில்லை என்பது அரை நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கீழிருந்து மேலே வாசித்தார். ஊர், பிறகு தாமான், பிறகு ரோடு. எங்கே தெளிவு கிடைக்கிறதோ அங்கேயே நிறுத்திவிடுவார்.

மூன்றாம் நாள் மத்தியானம் பக்கத்தில் ஒரு புது டிரைவர் வந்து நின்றான். முந்தின நாள் அவன் லோரியில் தப்பான பார்சல்களை ஏற்றிவிட்டிருந்தான். அக்கா அவனுக்குச் சொன்னார்:

"இங்க பாரு. ஜாலான்னு இருக்கும். அதுக்கப்புறம் நம்பர். அதுக்கப்புறம் சாஞ்ச கோடு. அதுக்கப்புறம் இன்னொரு நம்பர். இப்படி வந்தா கண்ண மூடிக்கிட்டு பி.ஜே. லோரி."

டிரைவர் தலையாட்டிவிட்டுப் போனான். நான் கையிலிருந்த தாளின் பின்பக்கத்தில் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். எழுதிவிட்டுத் தாளைத் திருப்பினேன். முன்பக்கத்தில் என் குறி விதி. இரண்டையும் ஒவ்வொரு பகுதியாக ஒப்பிட்டேன். ஒன்றுகூடக் குறையவில்லை. ஜாலானுக்கு ஜாலான், நம்பருக்கு நம்பர், கோட்டுக்குக் கோடு, வரிசை மாறாமல். நான் மூன்று வாரம் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த அமைப்பு அவர் வாயில் ஏற்கெனவே இருந்தது. அதைக் கேட்டவன் ஒரே தடவையில் புரிந்துகொண்டு போய்விட்டான்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருப்பவளுக்கு ஒரு வீட்டுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். கோயில் தாண்டினதும் இடப்பக்கம், பள்ளிக்கூடம் வந்தா நீ ரொம்பத் தூரம் போயிட்டேன்னு அர்த்தம். நாள் முழுக்க நாம் எல்லோரும் விதிகளைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், எவ்வளவு துல்லியமாகப் பேசுகிறோம் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

குறிகளைத் தூக்கிவிட்டுச் சொற்களைப் போடுவது என்று முடிவு செய்தேன். எந்த மொழிச் சொற்கள் என்பது அடுத்த கேள்வி. முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதினேன், யோசிக்காமலே. அடுத்த முறை கிள்ளானுக்குப் போனபோது அதை அக்காவிடம் காட்டினேன். மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்தார். புரிந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் கொஞ்சம் நின்று நின்று போனார். அவர் சொல்லும் லோரியில் பார்சல்களை ஏற்றுபவர் ஒரு மலாய்க்காரர். டைப் அடிக்கும் பெண்களில் ஒருத்தி சீனப் பெண். அவர்கள் எல்லோரும் தங்களுக்குள் பேசிக்கொள்வது மலாயில்தான். தமிழில் போட்டால் அக்காவுக்கு மட்டும் நன்றாக இருக்கும். மலாயில் போட்டால் கிடங்கு முழுக்க வாசிக்கும்.

ஆக மலாய். 'அதற்குப் பிறகு' என்பதற்கு லெப்பாஸ். 'அல்லது' என்பதற்கு அத்தாவ். 'எது வேண்டுமானாலும்' என்பதற்கு, என் நட்சத்திரத்துக்குப் பதிலாக, ஆப்பா-ஆப்பா. இதை முதல்முறை நான் வாசித்துக் காட்டியபோது அக்கா சிரித்துவிட்டார்.

"அப்பா அப்பான்னு யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு."

"மாத்திடவாக்கா?"

"வேணாம் வேணாம். மறக்காது."

ஒரு சொல்லில் மட்டும் நான் நினைத்ததை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கோலாலம்பூரில் பழைய கிள்ளான் சாலை என்று ஒன்று இருக்கிறது. மலாயில் ஜாலான் கிள்ளான் லாமா. விலாசத்தில் கிள்ளான் என்ற சொல் இருந்தால் கிள்ளான் லோரி என்று விதி எழுதினால், அந்தச் சாலைப் பார்சல்கள் எல்லாம் தலைநகருக்குப் போகாமல் கிள்ளானிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே, கிள்ளான் இருக்க வேண்டும், ஆனால் அதற்குப் பின்னால் லாமா வரக்கூடாது என்று சொல்ல ஒரு சொல் தேவை. நான் புக்கான் என்று போட்டிருந்தேன். மலாயில் 'அது இல்லை' என்று அர்த்தம். இலக்கணப்படி சரிதான்.

அக்கா தலையை ஆட்டினார். "ஜாங்ஙான்னு போடு."

"அதுக்கு 'செய்யாதே'ன்னுல்லக்கா அர்த்தம்?"

"அதான். புக்கான்னா, அது இல்லேன்னு சும்மா சொல்லிட்டுப் போற மாதிரி. ஜாங்ஙான்னா, போகாதேன்னு கையப் புடிச்சு நிறுத்தற மாதிரி. நாம மிஷினைத்தானே நிறுத்தறோம்?"

பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் முழுக்க இதைப் பற்றித்தான் நடத்தினார்கள். ஒரு செய்தியைச் சொல்வது வேறு, ஒரு வேலையை ஏவுவது வேறு. நான் தேர்வில் அதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் ஒரு சொல்லை எடுத்துக் கையில் எடை பார்ப்பதுபோல் பார்த்து, அந்த வித்தியாசம் எதில் இருக்கிறது என்று காட்ட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஜாங்ஙான் என்றே போட்டேன்.

பாஸுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஆங்கிலமும் மலாயும் கலந்து அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"இது என்னலா, பாசார் கடையில பேசற மாதிரி இருக்கு. கம்ப்யூட்டர் மாதிரியே இல்லையே."

"பேசற மாதிரி இருக்கணும்னுதான் பாஸ் செஞ்சேன்."

"பழசுதான் நல்லா இருந்துச்சு. நட்சத்திரம் எல்லாம் இருந்துச்சு. பாத்தா பெரிய விஷயம்னு தெரிஞ்சுச்சு. இதைக் காட்டினா, இது எங்களுக்கே தெரியுமேன்னு சொல்லுவாங்க."

"அவங்களுக்கே தெரியணும்னுதானே..."

"இன்னொரு கம்பெனிக்கு எப்படி நான் விப்பேன்? நீ சொல்லு."

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. பழையதைத் தூக்கிப் போடவில்லை, சொற்களுக்கு அடியில் அந்தக் குறிகள்தான் ஓடுகின்றன, மனிதர் சொல்லில் எழுதுவதை என் புரோகிராம் குறியாக மாற்றி மிஷினுக்குக் கொடுக்கிறது என்று விளக்கினேன். அவர் முகம் தெளியவில்லை. மாத முடிவில் மேனேஜர் வந்து பார்க்கும்போது இரண்டையும் காட்டலாம், அவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று எனக்குத் தெரியும். அவரும் பாஸைப் போலவே கோட், டை போட்டுக்கொண்டு, பார்வைக்குப் பெரிதாக இருப்பதை நம்புகிறவர்.

மேனேஜர் வர இரண்டு நாள் இருக்கும்போது எனக்குக் கடைவாய்ப் பல் வலி தாங்க முடியவில்லை. காலையில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் டாக்டரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு பதினொரு மணிவாக்கில் ஆபீஸுக்கு வந்தேன். என் நாற்காலியில் பாஸ் உட்கார்ந்திருந்தார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போன். இரண்டு விரல்களால் என் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே வா வா என்று கூப்பிட்டு, போனை நீட்டினார். நான் வாயைத் தொட்டுக் காட்டினேன். முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அவர் பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடியும் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

மறுமுனையில் அக்கா. அந்த வாரம் சோதனைக்காகக் கிடங்கு கம்ப்யூட்டரை இன்னொரு போன் லைன் வழியாக எங்களுடையதோடு இணைத்திருந்தோம். சுபாங் ஜெயா பார்சல்களில் குழப்பம். சுபாங் என்று இருந்தால் ஐந்தாம் லோரி என்று நான் எழுதி வைத்திருந்தேன். விமான நிலையத்துக்குப் போக வேண்டியவையும் அதே லோரியில் ஏறிக்கொண்டிருந்தன, அதன் பெயரும் சுபாங் என்பதால். லோரிகள் புறப்பட ஒரு மணி நேரம்தான் இருந்தது. விதியைச் சொல்கிறேன், டைப் அடியுங்கள் என்று அக்கா பாஸிடம் சொல்லியிருக்கிறார்.

நான் பக்கத்தில் நின்றேன். போனிலிருந்து அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. மலாயில், அவசரமில்லாமல்.

"சுபாங்."

"சுபாங்" என்று சொல்லிக்கொண்டே பாஸ் எழுத்து எழுத்தாகத் தட்டினார்.

"ஜாங்ஙான் லெப்பாஸ் ஏர்போர்ட்."

"ஜாங்ஙான்... லெப்பாஸ்... ஏர்போர்ட்." பாதியில் அவருடைய விரல் நின்றது. திரையைப் பார்த்தார். உதடு அசைய, அந்த வரியை மறுபடியும் வாசித்தார். "ஓ. பின்னால ஏர்போர்ட் வந்தா போகாதே."

"ஆமா பாஸ். ஏர்போர்ட் வந்தா ஒன்பதாம் லோரி. அது அடுத்த வரி. அதையும் அடிங்க."

அடுத்த வரியை அவர் சொல்வதற்கு முன்பே பாஸ் பாதி அடித்துவிட்டார். எந்தச் சாவியைத் தட்டி ஓட்ட வேண்டும் என்று நான் விரலால் காட்டினேன். திரையில் அன்றைய விலாசங்கள் பச்சை எழுத்தில் ஓடின. சுபாங் ஜெயாவெல்லாம் ஐந்து. விமான நிலையம் எல்லாம் ஒன்பது. பாஸ் முதல் சில வரிகளைக் கையால் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறம் கையை எடுத்துவிட்டார்.

"சரியா வந்திருக்கு" என்று போனில் சொன்னார். அவர் குரல் எனக்கே புதிதாக இருந்தது. போனை வைத்த பிறகும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"நான் புரோகிராம் எழுதினேன்" என்றார் என்னிடம்.

நான் தலையாட்டினேன்.

"அந்தப் பொண்ணு போன்ல சொல்லிச்சு. நான் எழுதினேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. வேலை செய்யுது." திரும்பி என்னைப் பார்த்தார். "அந்த நட்சத்திரத்தை எல்லாம் அந்தப் பொண்ணு போன்ல சொல்லியிருந்தா, நான் இன்னும் முதல் அடைப்புலதான் இருப்பேன் இல்ல?"

வாயில் பஞ்சோடு சிரிக்க முடியாமல் சிரித்தேன். மேனேஜர் வந்த அன்றைக்குக் குறிகள் நிறைந்த தாளைப் பாஸ் பையிலிருந்து எடுக்கவேயில்லை. கிள்ளானுக்குப் போன் போட்டு, அக்காவை ஒரு விதி சொல்லச் சொல்லி, அதை மேனேஜர் கண் முன்னால் தானே இரண்டு விரலால் அடித்துக் காட்டினார். அதற்குப் பிறகு பல கம்பெனிகளில் இதே வித்தையைக் காட்டி விற்றார். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல வியாபாரப் பேச்சு அவருக்கு வாய்க்கவில்லை.

விதிகளை எழுதும் பொறுப்பு அக்காவுக்குப் போனது. பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதுவார். விலாசச் சொற்களைப் பெரிய ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டு, நடுவில் லெப்பாஸ், அத்தாவ், ஜாங்ஙான் எல்லாம் தமிழ் எழுத்தில் இருக்கும். தெரிந்த எழுத்தில் எழுதினால் கை ஓடுகிறது என்றார். வாரத்துக்கு ஒருமுறை பி.ஜே.க்கு வரும் லோரியில் நோட்டு வரும். நான் அதைப் பார்த்து மிஷினில் அடிப்பேன்.

முதல் நோட்டை நான் வாசித்த மத்தியானம் எனக்கு இன்னும் தெளிவாக நினைவிருக்கிறது. கீழே டயர் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பத்து வரி வாசித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். எஸ்.எஸ். என்ற எழுத்துகளோடு எண் போட்ட பகுதிகள் பி.ஜே.யிலும் உண்டு, சுபாங் ஜெயாவிலும் உண்டு. எந்த எண்ணில் எல்லை மாறுகிறது என்று வரைபடத்தைத் தேடி நான் ஒரு நாளைத் தொலைத்திருந்தேன். அக்கா ஒரே வரியில் எழுதியிருந்தார்: எஸ்.எஸ்., லெப்பாஸ் பன்னிரண்டு சம்பாய் பத்தொன்பது, ஐந்தாம் லோரி. சம்பாய் என்றால் 'வரைக்கும்'. அப்படி ஒரு சொல்லை நான் என் மொழியில் வைக்கவேயில்லை. இல்லை என்பதே அவருக்குத் தெரியாது. இருக்காமல் எப்படி என்று நினைத்து எழுதிவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் சொல்லைச் சேர்த்தேன்.

இன்னும் கீழே ஒரு விதி இருந்தது. அவர் பிறந்த தோட்டத்தின் பெயர். அதற்கு எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும் அத்தாவ் போட்டுப் பக்கம் பாதி வரைக்கும் போயிற்று. வெள்ளைக்காரன் வைத்த பெயர், மலாய்ப் பெயர், ஆட்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட தமிழ்ப் பெயர், அதை ஆங்கில எழுத்தில் எழுதினால் வரக்கூடிய எழுத்துப் பிழைகள். பிறகு லெப்பாஸ், வரிசை வீட்டு எண். அந்த விதிக்கு அவர் போட்டிருந்த லோரி மேரு லோரி அல்ல. நான் தப்பு என்று நினைத்துப் போன் போட்டேன்.

"தப்பில்ல. தோட்டம் மூடி ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப அங்க ஃபேக்டரி கட்டறாங்க. ஆளுங்க எல்லாம் இந்தப் பக்கம் அடுக்கு மாடிக்கு வந்துட்டாங்க. ஆனா ஊர்ல இருக்கற சொந்தக்காரங்களுக்கு இன்னும் பழைய விலாசம்தான் தெரியும். தீபாவளிக்குத் துணி அனுப்புவாங்க, மருந்து அனுப்புவாங்க."

"வரிசை நம்பர் எதுக்குக்கா?"

"மூணாம் வரிசை ஆளுங்க எல்லாம் ஒரே பிளாக்குக்குப் போனாங்க. அஞ்சாம் வரிசை பக்கத்து பிளாக்கு. டிரைவருக்கு ஏறி இறங்கற வேலை மிச்சம்."

போனை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லாமல் போன ஓர் இடத்திலிருந்து ஒவ்வொரு குடும்பமும் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது, நான் உண்டாக்கிய ஐந்தாறு சொற்களுக்குள் உட்கார்ந்திருந்தது. அந்தச் சொற்களை நான் பார்சலுக்காகத்தான் செய்தேன். அவை இவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியாது. அதே விதியை என் பழைய குறிகளில் எழுதியிருந்தாலும் மிஷினுக்கு ஒன்றுதான். ஆனால் அக்கா எழுதியிருக்க மாட்டார், நான் வாசித்திருக்க மாட்டேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் சில விதிகளுக்கு லோரி எண்ணே இல்லை. அந்த இடத்தில் தெங்ஙோக் என்று எழுதியிருந்தார். 'பார்' என்று அர்த்தம். இப்படிப்பட்ட விலாசத்தை மிஷின் முடிவு செய்ய வேண்டாம், ஓர் ஆள் கண்ணால் பார்க்கட்டும். எனக்கு அது தோன்றவே இல்லை. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு விடை இருந்தே ஆக வேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். தெங்ஙோக் விலாசங்களைத் தனிப் பட்டியலாக அச்சடிக்கும்படி புரோகிராமை மாற்றினேன். பிற்பாடு எத்தனையோ இடத்தில் வேலை பார்த்தேன். எங்கே போனாலும் நான் செய்த எல்லாவற்றிலும் அதற்கு ஓர் இடம் வைத்தேன்.

நான்கைந்து வருடம் அந்த மொழி ஓடியது. பிறகு அந்தக் கம்பெனி இன்னொரு பெரிய கம்பெனியோடு சேர்ந்தது, அவர்கள் வெளிநாட்டு மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே அக்காவைச் சுபாங் ஜெயாவில் திறந்த புதுக் கிடங்குக்கு சூப்பர்வைசராக அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து ஒரு நாள் எனக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, ஒரு சொல்லு வேணும். போட்டுத் தருவியா?"

"சொல்லுங்கக்கா."

"பக்கத்துலன்னு ஒரு சொல்லு. விலாசம் சரியாப் புரியலேன்னாலும், இது அந்த இடத்துக்குப் பக்கத்துலதான்னு எனக்குத் தெரியுது. அத விதியில எப்படி எழுதறதுன்னு தெரியல."

போட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். ஒரு மாதம் முயன்றேன். எழுத்துக்குப் பக்கத்து எழுத்தை மிஷினுக்குச் சொல்லித்தர முடியும். இடத்துக்குப் பக்கத்து இடத்தைச் சொல்லித்தர என்னிடம் வழி இல்லை. அவர் எதை வைத்துப் பக்கம் என்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டே போனேன். ஒரு தடவை ஆற்றை வைத்துச் சொன்னார். ஒரு தடவை பஸ் போகும் வழியை வைத்து. ஒரு தடவை அங்கே யார் கடை வைத்திருக்கிறார்கள் என்பதை வைத்து. கடைசியில் போன் போட்டு, முடியவில்லை அக்கா என்று ஒப்புக்கொண்டேன்.

அந்தப் பக்கம் பார்சல்களைத் தள்ளும் வண்டிச் சத்தம் கேட்டது.

"பரவால்ல தங்கச்சி" என்றார். "அத நான் பாத்துக்கறேன்."